சூடு சொரணை

1

2019 ஜூன் மாதம் முழுக்க நான் தண்ணீர் லாரிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக்கல் படித்துவிட்டு, அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு டேட்டா சென்டரில் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. சர்வர்களை நான் தொட மாட்டேன். அவை சூடாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சில்லர் ஓடுகிறதா, பம்ப் ஓடுகிறதா, மொட்டை மாடியில் இருக்கும் கூலிங் டவரில் தண்ணீர் மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "ஏசி மெக்கானிக்தான், ஏசி மட்டும் கொஞ்சம் பெருசு" என்பேன். அது பொய்யும் இல்லை.

அந்த வருடம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. ஓஎம்ஆரில் சில ஐடி கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதாகச் செய்தி வந்தது. சர்வர்களை அப்படி வீட்டுக்கு அனுப்ப முடியாது. எங்கள் போர்வெல்லில் காற்றுதான் வந்தது. ஆகவே லாரி. 12,000 லிட்டர் லாரி ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது.

நான் மண்ணூர்பேட்டையில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன். கீழ்வீட்டு அக்கா இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்பவர். மாவுக்கும் தண்ணீர் வேண்டும், கிரைண்டர் கழுவவும் தண்ணீர் வேண்டும். மெட்ரோ வாட்டர் லாரி வரும் நாட்களில் அவரும் தெருவில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மே கடைசியில் மாவு பாதியாகக் குறைந்தது. ஜூனில் சில நாட்கள் அரைக்கவே இல்லை.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கேட்டார்.

"தம்பி, உங்க கம்பெனில தண்ணி கஷ்டம் இல்லியா? லாரி லாரியா உள்ள போவுதே."

"கம்ப்யூட்டருக்குக்கா."

"கம்ப்யூட்டர் தண்ணி குடிக்குமா?"

"குடிக்காதுக்கா. வேர்க்கும்."

சிரித்தார். "எனக்குந்தான் வேர்க்குது" என்றார். நானும் சிரித்துவிட்டு மாடிக்கு ஏறிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். "இனிமே லாரியெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கு மேல வரட்டும். பகல்ல வந்தா ஜனங்க பாக்கறாங்க, வீணா பிரச்சனை. நீயே ஒரு டைம்டேபிள் போட்டுடு." போட்டேன். எக்செலில் நல்ல சுத்தமாகப் போட்டேன். இரவில் டிராஃபிக் இருக்காது, லாரிகள் சீக்கிரம் வந்துபோகும் என்று கூடுதல் காரணமும் எனக்கே தோன்றியது. ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தியோடு தூங்கினேன் என்பதை இப்போது மறைத்துப் பயனில்லை.

இந்தக் கட்டுரை அந்த டைம்டேபிளைப் பற்றியது. அதில் நான் செய்த தப்பு என்ன என்று ரொம்ப நாள் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. தண்ணீர் காசு கொடுத்து வாங்கியது. உள்ளே ஓடிய சர்வர்களில் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு இருந்தது, யாரோ ஒருவரின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இருந்தது. அவற்றை அணைக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அப்படியானால் தப்பு எங்கே? அதைக் கண்டுபிடிக்க ப்ராசஸருக்குள்ளிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2

மிக்ஸி ஓடினால் சட்னி கிடைக்கிறது. மோட்டார் ஓடினால் தண்ணீர் மேலே ஏறுகிறது. ப்ராசஸர் ஓடினால் என்ன கிடைக்கிறது? விடை கிடைக்கிறது. ஆனால் விடைக்கு எடை கிடையாது, உயரம் கிடையாது. அதற்குள் போன மின்சாரம் எங்கேயும் சேமிக்கப்படுவதில்லை. 100 வாட் உள்ளே போனால் ஏறத்தாழ 100 வாட்டும் சூடாகத்தான் வெளியே வரும். ஆற்றல் கணக்கை மட்டும் பார்த்தால் ப்ராசஸர் என்பது ஒரு ஹீட்டர். கணக்குப் போடுவது அது போகிற போக்கில் செய்யும் காரியம்.

காரணம் எளிமையானது. உள்ளே இருப்பது கோடிக்கணக்கான சின்னச் சின்ன ஸ்விட்சுகள். பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போக ஒரு துளி மின்னூட்டத்தை நிரப்ப வேண்டும். ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு வர அதைக் கொட்ட வேண்டும். நிரப்பும்போதும் கொட்டும்போதும் சூடு. நொடிக்கு எத்தனை முறை நிரப்பிக் கொட்டுகிறோமோ அதுதான் வேகம். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். சூடோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஆகவே வேகம் ஒரு படி ஏறினால் சூடு இரண்டு மூன்று படி ஏறிவிடும்.

இது ரொம்ப நாள் பெரிய தொல்லையாக இருக்கவில்லை. 1974இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வரும் சூடு மாறாது. அடுத்த முப்பது வருட கம்ப்யூட்டர் வளர்ச்சி இந்தச் சலுகையில் ஓடியது. 386 காலத்து ப்ராசஸர்கள் மேலே ஒரு அலுமினியத் துண்டுகூட இல்லாமல் வெறுமனே போர்டில் உட்கார்ந்திருந்தன. பென்டியம் வந்தபோது தலையில் ஃபேன் ஏறியது. பிறகு டிரான்சிஸ்டர்கள் ரொம்பச் சின்னதாகி, அணைத்து வைத்திருக்கும்போதும் மின்சாரம் கசிய ஆரம்பித்தது. மின்னழுத்தத்தை இனிமேல் குறைக்க முடியாது என்ற நிலை. சலுகை முடிந்தது.

2001இல் இன்டெலின் பாட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டு உரையில், இதே ரீதியில் போனால் சிப்பின் சூட்டு அடர்த்தி அணு உலையை எட்டும், பிறகு ராக்கெட்டின் வாயை, பிறகு சூரியனின் மேற்பரப்பை எட்டும் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். மிகை மாதிரித் தெரியும். 2004இல் வந்த பென்டியம் 4 பிரஸ்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் நகம் அளவு சிலிக்கான், சுமார் 1.1 சதுர சென்டிமீட்டர். அதிலிருந்து 100 வாட்டுக்கு மேல் சூடு. வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட்தான், ஆனால் அது 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் பரவியிருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் அந்தச் சிப் அடுப்பைவிட சுமார் 15 மடங்கு.

அந்த வருடம் மே மாதம் இன்டெல் தனது அடுத்த தலைமுறை ஒற்றைக்கோர் ப்ராசஸர் திட்டத்தைக் கைவிட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வராது என்று அறிவித்தது. அதன் தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட் ஒரு கூட்டத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால், விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். விளையாட்டுதான். ஆனால் வேகத்தையே பெருமையாகச் சொல்லி விற்ற ஒரு தொழில், சூட்டின் முன் மண்டியிட்ட காட்சி அது. அதற்குப் பிறகு இருபது வருடம் ஆகியும் கடிகார வேகம் 5, 6 கிகாஹெர்ட்ஸைச் சுற்றியேதான் நிற்கிறது. ஒருவரை வேகமாக ஓடச் சொல்வதற்குப் பதில் பல பேரைச் சேர்ந்து நடக்கச் சொன்னோம். மல்ட்டி கோர் என்றால் அதுதான்.

பல பேர் நடந்தாலும் மொத்தச் சூடு குறையாது. இன்று செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படும் என்விடியா எச்100 சிப் ஒன்று 700 வாட் வரை இழுக்கிறது. ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி. அதற்கடுத்த தலைமுறைச் சிப்புகள் 72ஐ ஒரே அலமாரியில் அடுக்குகிறார்கள். பீரோ அளவுள்ள அந்த அலமாரியில் சுமார் 120 கிலோவாட். 60 இண்டக்‌ஷன் அடுப்புகளை முழு வேகத்தில் போட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது மாதிரி. காற்றால் இதைச் சமாளிக்க முடியாது என்பதால் சிப்பின் தலைமேலேயே திரவத்தை ஓட விடுகிறார்கள்.

3

வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு சீனியர் எனக்குச் சொன்னது: "குளிர்னு ஒன்னு கிடையாது தம்பி. சூட்டைத் தூக்கிட்டுப் போய் வேற எடத்துல போடறோம். நாம கூலிங் டிபார்ட்மென்ட் இல்ல, கூலி டிபார்ட்மென்ட். சுமை தூக்கறவங்க."

அவர் சொன்னது இயற்பியலில் அப்படியே சரி. சிப்பில் பிறக்கும் சூடு முதலில் ஒரு மெல்லிய பசை வழியாகச் செப்புத் தகட்டுக்குப் போகிறது. தகட்டிலிருந்து காற்றுக்கு. சர்வரின் முன்பக்கம் குளிர்ந்த காற்று உள்ளே போகும், பின்பக்கம் அனல் வெளியே வரும். அதனால் அலமாரிகளை முன்பக்கம் முன்பக்கத்தைப் பார்க்க, பின்பக்கம் பின்பக்கத்தைப் பார்க்க வரிசையாக நிறுத்துவார்கள். முன்பக்கத் தெருவுக்குக் கோல்டு ஐல், பின்பக்கத் தெருவுக்கு ஹாட் ஐல் என்று பெயர். அனல் காற்று ஏசி யூனிட்டுக்குள் போய்த் தன் சூட்டைக் குழாய்த் தண்ணீரிடம் தரும். அந்தத் தண்ணீர் சில்லரிடம் தரும். சில்லர் தன் கம்ப்ரெசரின் சூட்டையும் சேர்த்து இன்னொரு தண்ணீரிடம் தரும். அந்தத் தண்ணீர் மொட்டை மாடிக்கு ஏறி, கூலிங் டவரில் மழையாக விழுந்து, ஒரு பகுதி ஆவியாகி வானத்துக்குப் போகும். நம் உடம்பு செய்வதும் இதையேதான்.

ஆவியாகும் தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு மெகாவாட் சூட்டை ஆவியாக்கி மட்டுமே வெளியேற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1,500 லிட்டர் போகும். ஒரு நாளைக்கு 36,000 லிட்டர், மூன்று லாரி. எங்கள் கட்டடம் அன்று கிட்டத்தட்ட 2 மெகாவாட். கம்ப்ரெசர் சூடு, உப்பேறிய தண்ணீரை வடிக்கும் அளவு எல்லாம் சேர்த்தால் அந்த எட்டு, ஒன்பது லாரி வந்துவிடும்.

இந்தச் சங்கிலியில் நான் கவனித்த ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பவர் 'என் வேலை முடிந்தது' என்று சொல்லலாம், சொல்வது உண்மையாகவும் இருக்கும். ஹீட்சிங்க் வடிவமைப்பவருக்குச் சிப் குளிர்ந்தால் போதும். சர்வர் கம்பெனிக்குப் பெட்டி குளிர்ந்தால் போதும். வாடிக்கையாளருக்குக் கோல்டு ஐலில் நடக்கும்போது சில்லென்று இருந்தால் போதும். அவர்களை ஹாட் ஐலுக்குக் கூட்டிப்போக மாட்டோம். அங்கே 38, 40 டிகிரியில் தரை துடைக்கும் அம்மா ஒருவர் இருந்தார். அவர் மட்டும்தான் தினமும் இரண்டு தெருவிலும் நடந்தவர்.

தண்ணீரே வேண்டாம் என்றால் காற்றாலேயே குளிர்விக்கும் சில்லர் இருக்கிறது. பல டேட்டா சென்டர்களில் அதுதான். ஆனால் அது கூடுதல் மின்சாரம் கேட்கும். அந்த மின்சாரம் வடசென்னை அனல்மின் நிலையம் போன்ற ஒன்றிலிருந்து வந்தால், அங்கே எரியும் நிலக்கரியின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மின்சாரமாகாமல் வீணாகப் போகும். எண்ணூர்க்காரர்களைக் கேட்டால் சாம்பலைப் பற்றியும் சொல்வார்கள். ஆக, அம்பத்தூரில் தண்ணீரை மிச்சம் பிடித்தால் சுமை எண்ணூருக்கு நகரும். இடம்தான் மாறுகிறது.

4

இங்கே ஒரு சுலபமான முடிவு கைக்கு வரும். 'சூட்டைத் தள்ளாமல் யாராலும் வாழ முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனே 100 வாட் சூடு விடுகிறான். ஆகவே இதில் யார் மேலும் குற்றமில்லை.' வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டால் நம் மனசாட்சிக்கு ஜாமீன் கிடைத்துவிடும். ரொம்ப நாள் நானும் அந்த ஜாமீனில்தான் வெளியே இருந்தேன்.

அதை எனக்கு ரத்து செய்தவர் ரால்ஃப் லாண்டவர். ஐபிஎம்மில் வேலை பார்த்த இயற்பியலாளர். கணக்குப் போடுவதற்கு இயற்கை கேட்கும் குறைந்தபட்ச விலை என்ன என்று 1961இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கண்டது விசித்திரமானது. சூட்டைத் தவிர்க்க முடியாத இடம் அழிப்பது. ஒரு பிட் தகவலை அழிக்கும்போது, அது பூஜ்யமாக இருந்ததா ஒன்றாக இருந்ததா என்பதை மறக்கும்போது, ஒரு குறிப்பிட்ட அளவு சூடு வெளியே வந்தே ஆக வேண்டும். பின்னால் சார்லஸ் பென்னெட், எதையும் அழிக்காமல், பின்னோக்கித் திரும்பக்கூடியதாகக் கணக்கு போட்டால், கொள்கையளவில் சூட்டை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று காட்டினார்.

லாண்டவர் சொன்ன அந்தக் குறைந்தபட்ச அளவு மிக மிகச் சிறியது. இன்றைய சிப்புகள் ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம் சூடு விடுகின்றன. அதாவது இயற்கை நம்மிடம் கேட்பது சில்லறைக் காசு. மிச்சமெல்லாம் நாம் தேர்ந்தெடுத்தது. நம் தொழில்நுட்பம், நம் அவசரம், நம் விலைக் கணக்கு. அந்த மிச்சத்தில் ஒரு பகுதியை இன்று யாராலும் குறைக்க முடியாது, அறிவு போதாது. இன்னொரு பகுதியை இன்று மதியமே குறைக்கலாம். யாரும் கேட்கவில்லை என்பதால் குறைக்கவில்லை.

எங்கள் கட்டடத்திலேயே உதாரணம் இருந்தது. சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது குளிர்பதனப் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே தரும் பரிந்துரை. நாங்கள் 20இல் வைத்திருந்தோம். பார்க்க வரும் வாடிக்கையாளருக்கு உடம்பு சிலிர்த்தால்தான் நம்பிக்கை வரும் என்று ஒரு நினைப்பு. ஜூலையில் லாரி விலை எகிறியதும் 24க்கு ஏற்றினார்கள். இரண்டு வாடிக்கையாளர்கள் சும்மா ஓடிக்கொண்டிருந்த டெஸ்ட் சர்வர்களை அணைக்கச் சம்மதித்தார்கள். சும்மா இருக்கும் சர்வர்கூடக் கணிசமான மின்சாரம் இழுக்கும். இரண்டும் சேர்ந்து ஒன்பது லாரி எட்டானது. ஒரு சர்வரும் சாகவில்லை. ஒரு புகாரும் வரவில்லை. யாரும் கவனிக்கவே இல்லை.

ஒரு லாரி என்றால் 12,000 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 800 குடம். அதே ஜூலை 12ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்தது. அமைச்சர்கள் நின்று வரவேற்றார்கள். நான் ஃபோனில் கால்குலேட்டரைத் திறந்து போட்டுப் பார்த்தேன். ஒரு முழு ரயில், எங்கள் ஒரு கட்டடத்துக்கு 23 நாள். அந்த 800 குடத்தை மே மாதமே விட்டுக்கொடுத்திருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. தவிர்க்க முடியாததற்கு யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. தவிர்க்க முடிந்ததையும் அதே மூட்டையில் கட்டி இரண்டாம் விதியின் தலையில் வைத்தது நான்.

5

உறைத்தது என்று எழுதினேன். தமிழில் இதற்கு நல்ல வார்த்தை இருக்கிறது. 'உனக்குச் சூடு சொரணை இருக்கா?' என்று திட்டுவார்கள். சூடு பட்டால் உணரும் திறன்தான் மானம், அதுதான் நேர்மையின் ஆரம்பம் என்று நம் மொழி எப்போதோ முடிவு செய்துவிட்டது.

ப்ராசஸருக்குச் சூடு சொரணை உண்டு. உருவகமாகச் சொல்லவில்லை. இன்றைய சிப்புகளுக்குள் வெப்பத்தை அளக்கும் உணரிகள் பல இடங்களில் பதிக்கப்பட்டிருக்கின்றன. பல சிப்புகளில் 100 டிகிரியை நெருங்கியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ராசஸரின் தலையிலிருந்து ஹீட்சிங்க்கைக் கழற்றிவிடுவார்கள். அப்போதைய ஏஎம்டி ஆத்லான் சட்டென்று புகைந்து செத்தது. பென்டியம் 4 படம் நின்று நின்று ஓடும் அளவுக்கு மெதுவானது, ஆனால் பிழைத்தது. சூட்டுக்காகப் பின்னால் எல்லோரும் கேலி செய்த அதே பென்டியம் 4தான்.

அது பிழைத்ததற்குக் காரணம் உணரி மட்டும் இல்லை. உணரிக்கும் கடிகாரத்துக்கும் நடுவே நேரடியாகக் கம்பி போகிறது. சூடு படுகிற இடமே வேகத்தைக் குறைக்கும் அதிகாரத்தையும் வைத்திருக்கிறது. யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டாம், யாரும் கமிட்டி போட வேண்டாம்.

சிப்புக்கு வெளியே வந்ததும் இந்தக் கம்பி அறுந்துவிடுகிறது. சூட்டை வாங்கிக்கொள்பவர் ஒருவர், வேகத்தைத் தீர்மானிப்பவர் இன்னொருவர். மண்ணூர்பேட்டைக் குடத்துக்கும் எங்கள் கன்ட்ரோல் ரூம் திரைக்கும் நடுவே எந்த இணைப்பும் இல்லை. அந்தத் திரையில் ஆயிரம் புள்ளிகளின் வெப்பநிலை பச்சை, மஞ்சள், சிவப்பில் தெரியும். தெரு தெரியாது. கட்டடத்தின் சுவரோடு அளவீடு முடிந்துவிடும்.

இது எங்கள் கட்டடத்தின் தனிக்கதை இல்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் த டால்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கூகுளின் டேட்டா சென்டர்கள் எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்று ஒரு செய்தித்தாள் கேட்டது. வணிக ரகசியம் என்று சொல்லி, தகவலைத் தர மறுத்து ஊர் நிர்வாகம் வழக்குக்கே போனது. 2022 கடைசியில் விவரம் வெளியே வந்தது. 2021இல் எடுத்தது சுமார் 134 கோடி லிட்டர், ஊரின் மொத்தப் பயன்பாட்டில் கால் பங்குக்கும் மேல். ஊர்க்காரர்கள் தங்கள் ஆற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வக்கீல் தேவைப்பட்டது.

இன்னொரு பக்கம், டென்மார்க்கின் ஓடென்சே நகரில் மெட்டா நிறுவனத்தின் டேட்டா சென்டர் தன் கழிவுச் சூட்டை ஊர்ப் பொதுச் சூடேற்றும் குழாய்களுக்குத் தருகிறது. வீடுகள் அதில் கதகதப்பாகின்றன. குளிர்நாட்டில் சுவருக்கு வெளியே தள்ளிய சூட்டை ஒருவர் கை நீட்டி வாங்கிக்கொள்கிறார். மே மாத அம்பத்தூரில் யாருக்கும் அது வேண்டாம். ஒரே பொருள் ஓரிடத்தில் கொடை, இன்னோரிடத்தில் கொடுமை. அதனால்தான் 'கழிவை என்ன செய்கிறோம்' என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லை. யார் வீட்டு வாசலில் என்று கேட்டால்தான் பதில் உண்டு. சென்னையிலும் 2019 கடைசியில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் திறக்கப்பட்டன. குடிதண்ணீரை ஆவியாக்கித்தான் ஆக வேண்டும் என்ற விதி எதிலும் எழுதப்படவில்லை.

இப்போது என் டைம்டேபிளுக்கு வருகிறேன். நான் லாரி வாங்கியது தப்பா என்றால், பெரிய தப்பு இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். அந்த சர்வர்கள் ஓட வேண்டியிருந்தது. நான் செய்த தப்பு, பகலில் வந்த லாரியை இரவுக்கு மாற்றியது. பகலில் லாரி போனபோது தெருவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பியாவது இருந்தது. 'கம்ப்யூட்டர் தண்ணி குடிக்குமா' என்று ஒருவர் கேட்க முடிந்தது. நான்கு பேர் லாரியை மறித்திருந்தால் அந்த 20 டிகிரி ஜூனிலேயே 24 ஆகியிருக்கும். நான் ஒரு லிட்டர்கூடக் குறைக்கவில்லை. சூட்டைக் காட்டிய உணரியைக் கழற்றி வைத்தேன். வாங்கிய சம்பளத்துக்கு என் வேலையே உணரிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான்.

'அப்போ எல்லாத்தையும் அணைச்சிடணுமா?' என்று நண்பர்கள் கேட்பார்கள். வேண்டாம். இதை நான் எழுதுவதும் ஒரு ப்ராசஸரில்தான். நீங்கள் படிப்பதும் எங்கோ ஒரு கட்டடம் வேர்த்துக்கொண்டிருப்பதால்தான். கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் வாதம் இல்லை. தள்ளித்தான் ஆக வேண்டிய சூடு எங்கே போய் விழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது விழுகிற இடத்தில் இருப்பவர் 'மெதுவா' என்று சொன்னால் இங்கே ஏதாவது ஒன்று உண்மையிலேயே மெதுவாக வேண்டும். ஒரு சிலிக்கான் துண்டுக்கு நாம் கொடுத்திருக்கும் இந்த வசதியை, பக்கத்துத் தெருவுக்குக் கொடுக்க முடியாது என்று சொல்வதற்குத்தான் எனக்கு நியாயம் கிடைக்கவில்லை.

6

2021இல் அந்த வேலையை விட்டேன். மனசாட்சிக்காக இல்லை, சம்பளத்துக்காக. இப்போது இருக்கும் கம்பெனியிலும் ப்ராசஸர்கள்தான் சோறு போடுகின்றன. அவை எங்கே குளிர்கின்றன என்று எனக்குத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது மண்ணூர்பேட்டை வீட்டுக்கும் போனேன். அக்கா இரண்டாவது கிரைண்டர் வாங்கியிருந்தார். டீ கொடுத்தார். பேச்சு எப்படியோ அந்த வருடத்துக்குப் போனது. சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "அக்கா, அந்த ஜூன்ல எங்க கம்பெனி லாரியெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கு மேல வர மாதிரி மாத்தினது நான்தான். நீங்கல்லாம் பாக்கக் கூடாதுன்னு."

அவர் முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

"தெரியுமே தம்பி" என்றார். "புழுக்கத்துல வாசல்லதானே படுத்துக்கிடப்போம். தூக்கம் எங்க வருது? ஒவ்வொன்னா எண்ணிட்டுக் கெடப்பேன். தெனம் ஒம்பது."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் ஜூலைல ஒன்னு கொறஞ்சுதே" என்றார். "அது ஏன்?"